அந்தப் படத்தில் நீ

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் நீ அழுததால் எழுதுகிறேன்.

பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பற்றிய வகுப்பில், ஓர் அமைப்பின் அறிக்கையைத் திரையில் காட்டினார்கள். அதிலிருந்த ஒரு படத்தில், மரக்காணம் உப்பளத்தில், வெடித்த பாதங்களோடு நீ நின்றிருந்தாய். கீழே, ‘உதவிக்கு ஏங்கும் பெண்’ என்று போட்டிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். “அவங்க எங்கம்மா அம்சவள்ளி. கூலிய ஏத்தச் சொல்லி வேலைய நிறுத்தின அன்னிக்கு எடுத்த படம் இது. யாரைக் கேட்டு இப்படி எழுதுனீங்க?” என்றேன்.

அந்த அமைப்பிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் அந்த அமைப்பில் எனக்குப் பயிற்சிக்கு இடம் என்றார் பேராசிரியர். நீயும், “கேட்டுடுடி, இல்லன்னா படிப்பு போயிடும்” என்கிறாய்.

நான் கேட்கவில்லை. இடம் போய்விட்டது. அந்த அறிக்கையைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறேன். முதல் பேட்டி உன்னிடம்தான். உனக்கு விருப்பமில்லை என்றால், என்னிடமும் ‘முடியாது’ என்று சொல்லிவிடு.

உன் மகள்