கையில ஒட்டின உண்ணி

காவலூர்,
மாசி மாசம்

அன்பு மகன் தனாவுக்கு அம்மா எழுதுறேன்.

இங்க நான், உங்கப்பா, உன் தங்கச்சி மஞ்சு, மாடு கன்னு எல்லாரும் ஏதோ இருக்கோம். நீ அங்க நல்லா இருக்கியான்னு கேட்டுதான் ஆரம்பிக்கணும், ஆனா கேட்டா நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்லப் போற, அதனால இந்தத் தடவ கேக்கல. போன்ல பேசாம இன்னாத்துக்கு கடுதாசின்னு நெனப்ப. போன்ல நான் இந்தப் பேச்ச எடுத்தா நீ சிரிச்சே மழுப்பிடுற, இல்லன்னா டூட்டிக்கு நேரமாச்சும்மான்னு வெச்சிடுற. கடுதாசிய அப்படி பாதியில வெக்க முடியாது பாரு. வாணியம்பாடி சத்தார் பாய் தோல் யாவாரமா அடுத்த வாரம் இங்கிலாந்து வர்றாராம். அவர் கையில உனக்கு ஒரு பொட்டி குடுத்தனுப்புறோம், அதுல மேலாப்புல இத வெச்சிருக்கேன். மொதல்ல இத முழுசா படி, அப்புறம் பொட்டியக் கிளறு.

மஞ்சுவுக்கு ஒடம்பு முடியாம போச்சே, அன்னிக்கு நடந்தத உனக்குப் பாதிதான் சொன்னேன், மீதிய இப்ப சொல்றேன். உன் கன்னியம்மா அத்தையத்தான் உனக்குத் தெரியுமே. நீ அனுப்புற இன்சுலின் ‘பாட்’ட, அந்தக் குட்டி மெஷின, மஞ்சு கையில ஒட்டின நாள்லேர்ந்து அவங்களுக்கு அது உண்ணிதான். ஐயோ இது இன்னாடி மாட்டுக்குப் புடிச்ச மாதிரி உனக்கும் உண்ணி புடிச்சிக்கிச்சேன்னு ஊரே கேக்கற மாதிரி சிரிப்பாங்க. நானும் சலிக்காம சொல்லுவேன், உண்ணி ரத்தத்த உறிஞ்சும் அண்ணி, இது மருந்த உள்ள வுடுது, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினே இருக்கும், மூணு நாள் ஆனா பிச்சிப் போட்டுட்டு புதுசு ஒட்டணும், புள்ள நாளெல்லாம் ஊசி குத்திக்கிறது மிச்சம்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப மூணு நாளைக்கு ஒரு உண்ணின்னு சொல்லும்பாங்க. அவங்க வாய யாரு அடைக்கிறது.

அந்த உண்ணிய நாங்க எப்படிக் காப்பாத்திக்கினு இருந்தோம்னு உனக்குத் தெரியாது தனா. நம்ம பக்கத்துல கடைக்குப் போயி வாங்கற சாமானா அது, வேலூர் வரைக்கும் கேட்டுப் பாத்தாச்சு, உன் ஒடம்புக்கு அங்க குடுக்கறதுல மிச்சம்னு நீ அனுப்புனா உண்டு, இல்லன்னா இல்ல. அதனால மஞ்சு ஸ்கூல் இருக்கற நாளைக்கு பாட், லீவு நாளைக்கு ஊசின்னு பிரிச்சி வெச்சிக்கினா. மூணு நாள் முடிஞ்சாலும் கழட்ட மாட்டா, நேரம் முடிஞ்சிச்சுன்னு அது கத்து கத்துன்னு கத்தி தானா நிக்கற வரைக்கும் வுடமாட்டா. ஒரு தடவ கணக்குப் பாடத்துல கத்தி, டீச்சர் யாருடி போன் கொண்டாந்ததுன்னு பைய எல்லாம் கொட்டச் சொல்லிட்டாங்களாம். புளி உலுக்கற நேரத்துல மரக்கெளை பட்டு பிச்சிக்கப் போவுதேன்னு மேல உங்கப்பா துண்டக் கிழிச்சி சுத்திக்குவா. நானும் எப்பப் பாரு ஓடாதடி, இடிச்சிக்காதடி, கதவோரம் பாத்து வாடின்னு பின்னாடியே கத்திக்கினு. ஒவ்வொரு நாள் எனக்கே அசிங்கமா இருக்கும், நான் காப்பாத்தறது புள்ளையவா பாட்டயான்னு. ஆனாலும் உன் டப்பா ஒண்ணு வந்து சேந்துடுச்சுன்னா போதும், அன்னிக்கு எனக்கு சோறு எறங்கும், தூக்கம் வரும். அந்த சந்தோஷத்தப் பத்திதான் பின்னாடி சொல்லப் போறேன்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. வெள்ளிக்கெழம ஒட்டின பாட்ல இன்னும் மருந்து இருக்குதே, வீணாக்குவானேன்னு லீவு நாள்ல கூட கழட்டாம வெச்சிருந்தா. அதச் சுத்தி தோல் செவந்து அரிச்சிருக்குது, எங்க கிட்ட வாயத் தொறக்கல, சொன்னா கழட்டுன்னுதான சொல்லுவோம். நானும் உங்கப்பாவும் புளி மரத்தடிக்குப் போய்ட்டோம். அத்தை வூட்டுக்கு வந்தவங்க புள்ள சொறியறதப் பாத்திருக்காங்க. அவங்க கை இன்னா கை, மாட்டுக்கு உண்ணி புடிச்சா ராவு பகல் பாக்காம வேப்பெண்ணெய் தடவற கை. எண்ணெயக் காய்ச்சி, மஞ்சத் தூளக் கொழச்சி, இவ பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கறப்பவே கையப் புடிச்சி ஓரமெல்லாம் தடவி, ஒட்டியிருக்கற பிளாஸ்திரி அடியிலயும் நல்லா வுட்டு நீவி வுட்டிருக்காங்க. நீ ஏண்டி வேணாம்னு சொல்லலன்னு அப்புறமா கேட்டேன், அரிப்பு அடங்கிச்சும்மா, சொகமா இருந்துது, சும்மா இருந்துட்டேன்னு சொல்றா. அவளயும் இன்னா சொல்றது. பாட் கீழ வுழுந்திருந்தா கூட யாராவது பாத்திருப்போம். அது வுழல. எண்ணெயில வழுக்கி ஒரு பக்கம் எகிறி, உள்ள போற அந்தச் சின்னக் குழாய் மட்டும் வெளிய வந்துட்டு, மருந்து பூரா தோல் மேல வழிஞ்சிக்கினு இருந்திருக்குது. மருந்து கசிஞ்சா ஒரு நாத்தம் வருமே, உனக்குத் தெரியும், வேப்பெண்ணெய் நாத்தத்துல அதுவும் மூக்குக்குத் தட்டல.

பொழுது சாய நாங்க வர்றப்ப வாந்தி எடுத்துக்கினு கெடக்கறா, வாயில சர்க்கர கண்டபடி ஏறினா வர்ற அந்தப் பழ வாசன, சர்க்கர மெஷின்ல வெச்சிப் பாத்தா நம்பரே காட்டாம உச்சம்னு காட்டுது. ஒடனே உனக்குத்தான் வீடியோ போட்டேன். நைட் டூட்டி முடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருந்த போல, பனியனோட எழுந்து வந்த. பாட்டப் பிடுங்கிப் போடும்மா, ஊசி எடு, இத்தினி போடு, தண்ணி குடுத்துக்கினே இருன்னு நீ பதறாம சொன்ன, அதுக்கு உனக்கு கோடி புண்ணியம். எப்பவும் போல தொடையில குத்தப் போனேன், தொடையில வேணாம்மா, வயித்துல குத்து, சீக்கிரம் புடிக்கும்னு சொன்ன. வயித்துல நான் குத்தினதே இல்லியே, எங்கடா குத்தறதுன்னு கத்தினேன். இங்கம்மா, தொப்புள வுட்டு ரெண்டு வெரல் தள்ளின்னு பனியனத் தூக்கிக் காட்டின.

உன் வெரலு காட்டின எடத்தப் பாத்தேன், மருந்தப் போட்டேன். ஆனா என் கண்ணு அங்க மட்டும் பாக்கல தனா. உன் வயிறு பூரா ஊசி குத்தின கறை. நீலமா கொஞ்சம், பச்சையா கொஞ்சம், மஞ்சளா கொஞ்சம். ரெண்டு புள்ளைங்க தோலையும் இத்தினி வருஷமா தடவிப் பாத்துக்கினு இருக்கறவ நான், மஞ்சளாப் போனது எத்தினி பழசுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். ரெண்டு கையும் வெறுமனே இருந்துது. வயித்துலயும் பாட் இல்ல. அப்ப நான் ஒண்ணும் கேக்கல, புள்ள கெடக்கற கெடையில எதக் கேக்கறது. வண்டி புடிச்சி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் டிரிப்ஸ் ஏத்தினோம். ஊசி போட்டுட்டு வந்ததாலதான் ஆச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மறுநாள் மத்தியானம் பஸ்ல திரும்பி வர்றப்ப மஞ்சு என் தோள்ல சாஞ்சிக்கினு, அண்ணன் ஒடம்புல பாட் இல்ல, பாத்தியாம்மான்னு கேட்டா. வேற எங்கயாவது ஒட்டியிருப்பாண்டின்னேன். ஊர் வர்ற வரைக்கும் அழுதுக்கினே வந்தா.

மிச்சம்மா மிச்சம்மான்னு சொல்லித்தானடா அனுப்பின. இங்க ஆஸ்பத்திரியில எனக்கு வேண்டியதுக்கு மேலயே குடுக்கறாங்க, வெச்சிருந்தா கெட்டுதான் போவும்னு சொன்னியே. உன் பங்குன்னு அளந்து குடுக்கறத பூராவும் இங்க அனுப்பிட்டு, நீ ஊசி குத்திக்கினு வார்டு வார்டா ஓடிக்கினு இருக்க. உன் பாட் எங்கண்ணான்னு மஞ்சு மெசேஜ் போட்டதுக்கு, தோலுக்கு நாலு நாள் ரெஸ்ட் குடுத்தேன்னு சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்க. எனக்கு வந்த கோவத்துக்கு எதிர்ல இருந்தா அறைஞ்சிருப்பேன். ஒவ்வொரு டப்பா வந்தப்பவும் சந்தோஷமா சோறு தின்னேன்னு சொன்னேனே, தின்னது உன் பங்கத்தாண்டா. ஒரு புள்ள வயித்துல ஊசியக் குத்தி, இன்னொரு புள்ள கையில பாட்ட ஒட்டியிருக்கேன். என் வயித்துல பொறந்த ரெண்டுக்கும் ஒரே நோவக் குடுத்தான் கடவுளு, அதுல எந்தப் புள்ளைய முன்னாடி பாக்கறதுன்னு என்னைய நிக்க வெச்சிட்டியே.

நர்சிங் படிக்கறப்ப வேலூர் பஸ் ஸ்டாண்டுல சர்க்கர எறங்கி வுழுந்தியே, நெனப்பு இருக்குதா. குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறான்னு எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனாங்க. ஒரு பூக்காரம்மா மட்டும் சின்னப் புள்ளயா இருக்கான், குடிச்ச மூஞ்சி இல்லன்னு டீ வாங்கி ஊத்தினாங்க. அங்க உனக்கு எந்தப் பூக்காரம்மா இருக்காங்க? தனியா ரூம்ல கெடக்கற, ராவுல டூட்டி, பகல்ல தூக்கம், ஊசியப் போட்டுட்டு சாப்பிடாம தூங்கிட்டன்னா கதவத் தட்டிப் பாக்க யாரு இருக்கா? அன்னிலேர்ந்து எனக்கு இதே ரோசனதான். அங்கன்வாடியில புள்ளைங்களுக்கு முட்ட உரிச்சிக்கினே நின்னுடறேன், டீச்சர் டீச்சர்னு சேலையப் புடிச்சி இழுக்குதுங்க. அலுத்துப் போச்சுடா எனக்கு. உங்கப்பா கிட்ட சொன்னேன். உலுக்கின புளிய அள்ளாமலே மரத்தடியில குந்திக்கினு இருந்தாரு. சாயங்காலமா வந்து, அவன் பங்க அவனுக்கே அனுப்பிடுன்னு மட்டும் சொன்னாரு.

அதுக்குள்ள மஞ்சு எடுத்து வெச்சிட்டா. பிரிக்காத டப்பா அத்தினியும் பொட்டியில இருக்குது, ஒண்ணு கூட எடுத்துக்கல. ஸ்கூல் நாளைக்காவது வெச்சிக்கடின்னு நானே வாய் தவறிச் சொல்லிட்டேன், அவ பாத்த பார்வையில தலையக் குனிஞ்சிக்கினேன். முன்ன மாதிரி ஸ்கூல் பாத்ரூம்ல ஒளிஞ்சி குத்திக்க மாட்டாளாம், அதுக்கு வெக்கப்பட்டு மத்தியான ஊசியையே வுட்டுட்டு வந்ததாலதான நீ பாட் அனுப்ப ஆரம்பிச்ச. இப்ப பெஞ்சிலயே குந்தி எல்லார் முன்னாடியும் குத்திக்கிறா. மொத நாள் ஒரு பொண்ணு மயங்கியே வுழுந்துட்டாளாம், அத வந்து சொல்லி சிரிக்கறா. சிரிக்கறாளே ஒழிய பழையபடி வெரல்லயும் தொடையிலயும் தழும்பு ஏற ஆரம்பிச்சிடுச்சு, காலையில சர்க்கர ஒரு நாளு ஏறுது ஒரு நாளு எறங்குது. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் பொய் எழுதல. ஆனா நாங்க மூணு பேரு சுத்தி இருக்கோம், எழுப்பிப் பாக்கறோம், அவளுக்கு இது போதும்.

கரெண்டு போனா இன்சுலின் கெடக்கூடாதுன்னு உங்கப்பா மணலு போட்ட ஈரப் பானையத் திரும்பவும் தயார் பண்ணி வெச்சிட்டாரு, அதப்பத்தி நீ கவலப்படாத. அத்தை ஒரு வாரமா இந்தப் பக்கமே தலை காட்டல, புள்ளைய நானே கொல்லப் பாத்தேனேன்னு வூட்லயே அழுதுக்கினு இருந்தாங்களாம். மஞ்சுதான் போய்க் கூட்டிக்கினு வந்தா. அத்தே, நீ எண்ணெய் தடவலன்னா எங்க அண்ணன் வயித்த நாங்க பாத்திருக்கவே மாட்டோம்னு சொன்னா. அத்தைக்குப் பாதி புரிஞ்சிது, பாதி புரியல, எதுக்கும் இருக்கட்டும்னு மறுபடி அழுதாங்க.

பொட்டியில சாமை இருக்குது, ரெண்டு வேளையாவது பொங்கித் தின்னு, ரொட்டியத் தின்னுட்டே நாளத் தள்ளாத. புட்டியில இருக்கறது மலைத்தேன், சர்க்கர எறங்கினா நாக்குல தடவிக்க, தலமாட்டுலயே வெச்சிக்க, கூட வேல பாக்கறவனுங்களுக்கு சப்ளை பண்ணிடாத. பாட் டப்பா மூடி ஒவ்வொண்ணு மேலயும் இது அண்ணனோடதுன்னு மஞ்சு பேனாவுல எழுதியிருக்கா. திரும்ப அனுப்பினா சத்தார் பாயே வாங்க மாட்டாரு, விஷயத்தச் சொல்லிட்டேன், அவரும் கண்ணத் தொடச்சிக்கினாரு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் ராசா, உன் கையால நாலு பேரு பொழைக்கணும், அதுக்கு மொதல்ல நீ இருக்கணும். உங்கப்பாவும் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க. மறந்துடாத, இந்த வாரம் வீடியோ போடறப்ப மூஞ்சியக் காட்டாத, மொதல்ல சட்டைக் கைய மடிச்சிக் காட்டு. உண்ணி ஒட்டியிருக்கறதப் பாத்தப்புறந்தான் மஞ்சு உன்கூட பேசுவாளாம்.

உன் அம்மா
செந்தாமரை