நாற்பதாவது இடம்

ஆகஸ்ட் 5, திங்கள்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். பத்து மணிக்குப் பல்கலைக்கழகம்.

யார் எந்தப் பாடத்தை எப்போது எடுக்கலாம் என்று சொல்வதற்கு அங்கே ஓர் ஆலோசகர் இருக்கிறாள். எதைச் சொன்னாலும் “அது வந்து...” என்றுதான் ஆரம்பிக்கிறாள். ‘அதுவந்து’ என்றே பெயர் வைத்துவிட்டேன். அவள் எனக்குச் சொன்னது இரண்டு. அறுபது வயது கடந்தவர்கள் பதிவின் கடைசி நாளில்தான் வரலாம், மற்றவர்கள் எடுத்தது போக மிச்சமிருக்கும் இடத்துக்கு. அப்புறம், புள்ளியியல் எடுக்குமுன் அடிப்படைக் கணிதம் முடித்திருக்க வேண்டும்.

மிச்சம். அந்தச் சொல்லைத்தான் சொன்னாள்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இயந்திரக் கையேடுகளைப் படித்து வேலை கற்றவன். பள்ளியை முடித்ததே ஐம்பது வயதில், தனியாகத் தேர்வெழுதி. எந்த லிஃப்ட் எந்தத் தேதியில் எந்த மாடியில் எதனால் நின்றது என்று பதினான்கு நோட்டுகள் வைத்திருக்கிறேன். புதிதாக வந்த எஞ்சினியர் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான். “இது புள்ளிவிவரம் இல்லய்யா, மளிகை லிஸ்ட்.” அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் புள்ளியியல். கூட்டல் கழித்தலில் இருந்து ஆரம்பிப்பதற்காக அல்ல.

ஆகஸ்ட் 9

பதிவாளருக்கும் துறைத் தலைவருக்கும் பதினொரு பக்கக் கடிதம். நேரிலும் போய் நின்றேன். “என்ன வேணும்னு சுருக்கமாச் சொல்லுங்க ஐயா” என்றார் துறைத் தலைவர். நான் சுருக்கமாகச் சொல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு விதியிலிருந்தும் எனக்கு விலக்கு அளித்துக் கையெழுத்திட்டார்.

மகளிடம் காட்டினேன். “ஒத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து மாதிரி தெரியலப்பா. தப்பிச்சாப் போதும்னு போட்ட மாதிரி இருக்கு” என்றாள். இருக்கட்டும். மை ஒன்றுதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எட்டு மணிக்குப் பதிவு திறந்தது. கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தேன். எட்டு இருபத்தைந்துக்கு உள்ளே போனேன். புள்ளியியலுக்கு நாற்பது இடம். நாற்பதாவது நான். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 26, திங்கள்

முதல் வகுப்பு. நாற்பது நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள். என் நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் காலணி, தூங்காத கண். காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாளாம். “சீக்கிரம் வந்திருந்தா இடம் கிடைச்சிருக்கும்மா” என்றேன். “ஆமா ஐயா” என்று சிரித்தாள்.

பாடத்தில் பாதி புரிந்தது.

செப்டம்பர் 4

பாதி என்பது இப்போது கால் ஆகிவிட்டது. பலகையில் ஒடிந்த நாற்காலி போல ஒரு குறி போடுகிறார்கள், அதன் தலையிலும் காலடியிலும் பொடி எழுத்துகள். பக்கத்துப் பையன் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறான். நானும் ஆட்டுகிறேன்.

சாயங்காலம் அதுவந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். “அது வந்து... வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள டிராப் பண்ணினா உங்க ரெக்கார்டுல ஒண்ணும் வராது ஐயா. அந்த இடம் லிஸ்ட்ல முதல்ல இருக்கிறவங்களுக்குத் தானாப் போயிடும். அஞ்சு மணி தாண்டிட்டா நீங்க விட்டாலும் அது யாருக்கும் போகாது.”

முதலில் இருப்பது யார் என்று கேட்டேன். அதைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லையாம். அப்படியானால் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஆலோசனை சொல்வது அவள் வேலை. கேட்பது என் வேலை இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ஐந்து மணி கடந்தது. நான் இருக்கிறேன்.

செப்டம்பர் 9

சுவரோரம் இன்று யாரும் இல்லை. அறை காற்றோட்டமாக இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

தேர்வுத் தாள் வந்தது. நூற்றுக்குப் பதினொன்று.

ஏழாவது கேள்விக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தந்திருக்கலாம். பதின்மூன்று வந்திருக்கும். இதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருக்கிறது.

மகள் கேட்டாள். திருத்தி முடிக்கவில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 7, திங்கள்

விலகல் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். இனி வகுப்புக்குப் போக வேண்டாம். என் நாற்காலி டிசம்பர் வரை காலியாக இருக்கும்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைக் காலணி. அதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன். அவளே பேச்சுக் கொடுத்தாள். மருத்துவமனையில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று ஆறு வருடமாகப் பட்டப்படிப்பு படிக்கிறாள். மிச்சமிருந்தது புள்ளியியல் ஒன்றுதான். டிசம்பரில் பட்டம் கையில் இருந்திருந்தால் வார்டின் தலைமை நர்ஸ் பதவிக்கு விண்ணப்பித்திருப்பாளாம். அந்தப் பதவி இன்னொரு தடவை காலியாவதற்கு எத்தனை வருடம் ஆகுமோ தெரியாதாம்.

பதிவு நாளன்று வேலை முடிந்து, வார்டில் இருந்த கணினியிலேயே எட்டு நாற்பதுக்குத் திறந்தாளாம்.

“நாப்பதும் போயிருந்துச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள்னு காட்டுச்சு. யாராவது ஒருத்தர் விடாமலா இருப்பாங்கன்னு ரெண்டு வாரம் நின்னேன் ஐயா. ஒருத்தர்கூட விடல. ரொம்ப நல்ல கிளாஸ் போல.”

கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. பிறகு கேட்டாள்: “உங்களுக்குப் பிரயோசனமா இருக்கா?”

வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். அது என் பேருந்து இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

அக்டோபர் 8

செப்டம்பர் 6 அன்று ஒரே வரி எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை, முழுசும் இல்லை.

அன்று நாலு நாற்பதுக்கு மகளின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்புக்குறியை ‘பாடத்தை நீக்கு’ என்ற பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்திருந்தேன். அழுத்தத்தான் உட்கார்ந்தேன். பாடம் எனக்கு ஏறாது என்று தெரிந்துவிட்டது. பட்டியலில் யார் என்று தெரியாது என்று அதுவந்துவிடம் வாயாடினேனே — சுவரோரம் நின்றது ஒரே ஒரு ஆள்தானே? தெரியாமல் என்ன? தெரியும்.

மகள் டீ கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்: “விட்டுடுங்கப்பா. இதுல என்ன இருக்கு.”

கையை எடுத்துவிட்டேன். நானே செய்ய இருந்ததை அவள் சொல்லிவிட்டாள், அதனால் செய்யவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே ஐந்து மணி ஆகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. யார ஜெயிச்சேன்? பெத்த பொண்ணையா? ஒரு டீ சூடு ஆறுறதுக்குள்ள ஒருத்தியோட ஆறு வருஷத்த — என்ன மனுஷன்யா நான்.

அக்டோபர் 10, வியாழன்

ஆலோசகரிடம் போனேன். அந்த இடத்தை இப்போதாவது அந்த அம்மாவுக்குக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். “அது வந்து...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். யார் என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா என்றேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நர்ஸுக்கும் அவர்தான் ஆலோசகர்.

சிறப்புக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாமாம். ஆறு வாரம் கடந்தபின் அவர்கள் சம்மதித்து அவர் பார்த்ததில்லையாம். காலி இடம் எப்படி வந்தது என்று நான் எழுதித் தந்தால், சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் மூன்றே கோடுகள். பதினொரு பக்கம் எழுதியவனுக்கு மூன்று கோடு.

எழுதினேன்: இந்த இடம் எனக்கு உதவாது என்று செப்டம்பர் 6ஆம் தேதியே தெரியும். இதற்காகக் காத்து நின்றவரையும் பார்த்தேன். வீம்புக்காக வைத்துக்கொண்டேன்.

படித்துவிட்டுச் சொன்னார்: “உடம்பு சரியில்லன்னு எழுதலாமே ஐயா. யாரும் கேக்க மாட்டாங்க.”

“உடம்பு நல்லாத்தான் இருக்கும்மா” என்றேன்.

அக்டோபர் 18

நிராகரித்துவிட்டார்கள். இரண்டு வரி. விதிப்படி சரி. எதிர்த்துக் கடிதம் எழுத என் கையில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டு நாள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். இன்று வந்தார். நாற்பதாவது ஆள் நான்தான் என்று சொன்னேன். பொத்தானையும் டீயையும் சொன்னேன். பிரயோசனமா இருக்கா என்று கேட்டீர்களே, பதினொரு மதிப்பெண் வாங்கினேன் என்று அதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. பேருந்து வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் வந்திருந்தா கிடைச்சிருக்கும்னு சொன்னீங்கல்ல” என்றார். “அன்னிக்கு எட்டு மணிக்கு ஒருத்தருக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருந்தேன். பாதியில விட்டுட்டு வர முடியல.”

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பதினொன்று என்று சொன்னேன். “தெரியும்பா, தாள் உங்க சட்டைப் பையில இருந்துச்சு. துவைக்கிறப்ப எடுத்து வச்சேன்” என்றாள். இத்தனை நாள் தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

அடுத்த பருவத்துக்குப் பதிவு எட்டு மணிக்குத் திறந்தது. நான் கணினிப் பக்கம் போகவில்லை. அடுப்புப் பற்றவைக்கும் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

பதினொரு மணிக்குப் போய் விலக்குக் கடிதத்தை ஆலோசகரிடம் திருப்பிக் கொடுத்தேன். இது இன்னும் செல்லுமே என்றார். தெரியும், அதனால்தான் என்றேன். நர்ஸுக்குப் புள்ளியியலில் இடம் கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். சொல்ல அனுமதியில்லாததை எதற்குக் கேட்பது. வாசலுக்கு வந்துவிட்டேன்.

“அது வந்து...” என்றார் பின்னாலிருந்து. “புள்ளியியலுக்கு இந்தத் தடவை ரெண்டு பிரிவு திறந்திருக்கோம் ஐயா. வெயிட்டிங் லிஸ்ட்ல இப்ப யாருமே இல்ல.”

தலைமை நர்ஸ் பதவி இதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கும். அது இரண்டு பிரிவாகத் திறக்காது.

ஜனவரி 10, வெள்ளி

கடைசி நாள். அறுபது தாண்டியவர்களின் வரிசையில் நின்றேன். அடிப்படைக் கணிதம் நிரம்பிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் மூன்றாவது பெயர்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை கணித வகுப்பு. சுவரோரம் நின்றபடி குறிப்பெடுத்தேன். நோட்டை இடது கையில் பிடித்து எழுதுவதால் எழுத்து கோணுகிறது. முழங்கால் குத்துகிறது. முன்னால் இருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “இங்க உக்காருங்க தாத்தா” என்றாள். “அது உன் பேர்ல இருக்கிற இடம்மா” என்றேன்.

நேற்று இருவர் விட்டிருக்கிறார்கள். இப்போது பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.