சகாயவினோத்தின் எண்ணெய் ஞானம்

ஏப்ரல் 24, 2025
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. விசைப்படகு பாம்பன் கரையில் கிடக்கிறது, அதை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சகாயவினோத் கட்டிலில் கிடக்கிறார். கையில் போன். இன்று காலை அடுப்படிக்கு வந்து சூரியகாந்தி எண்ணெய்க் கேனைத் தூக்கிப்போய் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்.

"ரீஃபைண்ட் ஆயில் விஷம், பிரெசி. மிஷினுக்கு ஊத்துறது."

யார் சொன்னது? வெள்ளைக் கோட் போட்ட ஒருத்தன், வீடியோவில். அவன் டாக்டரா என்று கேட்டேன். "கோட் போட்டிருக்கான்ல?"

அப்படிப் பார்த்தால் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் கோட் போட்டு வந்த ஒண்ணாப்பு வசீமும் டாக்டர்தான்.

ஏப்ரல் 29
இப்போது செக்குத் தேங்காயெண்ணெய். புளிக்குழம்பு, ஆம்லெட், நண்டு வறுவல், எல்லாவற்றிலும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கவும் செய்கிறார். ரத்தக்குழாயைக் கழுவிவிடுமாம். போன வருஷம்தான் மதுரையில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த மனுஷன். கழுவிக் கவிழ்க்க அது என்ன பால் டம்ளரா?

மே 6
துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு இர்பான் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார். போதாதா? அதை ஊற்றித் தின்றுதான் இத்தாலிக்காரன் நூறு வயசு இருக்கிறானாம். இத்தாலிக்காரன் காலையில் நாலு வடையும் சாயங்காலம் பஜ்ஜியுமா தின்கிறான்? அடுப்பைத் தீயாக எரியவிட்டு, அந்தப் பாட்டிலில் பாதியைச் சட்டியில் ஊற்றி, நெத்திலியை அள்ளிப் போட்டார். வீடெல்லாம் புகை. கருகின நெத்திலியை மென்றுகொண்டே, "ஒடம்புக்கு லேசா இருக்கு பாத்தியா" என்கிறார்.

மே 7
காபியில் நெய். எழுதவே கை கூசுகிறது.

மே 15
கோட்டுக்காரன் சொந்தமாகவே எண்ணெய் விற்க ஆரம்பித்துவிட்டான். நேற்றுவரை எந்தச் செக்கு எண்ணெயும் அமிர்தம். இன்றிலிருந்து இவன் பாட்டில் தவிர ஊரில் உள்ளதெல்லாம் கலப்படம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவருக்குக் கோபம். "ஒனக்கு எல்லாமே கேலிதான்."

ஆமாம், கேலிதான். உட்கார்ந்து அழுதால் உலை யார் வைப்பது?

மே 21
பீரோவை அடுக்கிவைத்தேன். இவருடைய துணிக்கு அடியில் மாத்திரை அட்டைகள். கொழுப்புக்கு, ரத்தம் உறையாமலிருக்க, எல்லாம். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"எத்தன நாளா?"
"ஈஸ்டர்லருந்து. எண்ணெயே மருந்துன்னு ஆனப்புறம் மாத்திரை எதுக்கு?"

என்ன மனுசன் இவரு? நான் இங்கன கேலி பேசிட்டுத் திரியுறேன், இந்தாளு கமுக்கமா மாத்திரைய நிப்பாட்டிட்டு உக்காந்திருக்காரு. மாதாவே, எனக்குன்னு வந்து வாய்ச்சாரே!

மே 23
இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் போனேன். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, எதை வேணும்னாலும் ஊத்துங்க. கொஞ்சமா ஊத்துங்க. பொரிச்ச எண்ணெயில திரும்பப் பொரிக்காதீங்க. தேங்காயெண்ணெயக் குடிக்கிறத இன்னையோட விடுங்க. எந்த எண்ணெயும் மாத்திரை செய்யுற வேலையச் செய்யாது."

தலையை ஆட்டினார், ஞானஸ்நானம் வாங்கினவர் மாதிரி. திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறவில்லை, அதற்குள், "அந்தம்மாவுக்கு மருந்துக் கம்பெனிக்காரன் கமிசன் குடுப்பான்."

ஜூன் 13
என் கண்முன்னால் மாத்திரையை வாயில் போடுகிறார், தண்ணீர் குடிக்கிறார். இன்று செம்பருத்திச் செடி அடியில் துப்புவதைப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தடை முடிந்து கடல் திறக்கிறது.

நேரே படகு முதலாளி யாக்கோபு அண்ணன் வீட்டுக்குப் போனேன். "இவர ஏத்தாதீங்கண்ணே. நடுக்கடல்ல நெஞ்சப் பிடிச்சா யாரு பாக்குறது?" அண்ணன் தாடியைத் தடவினார். "சரி பாப்பா. இந்த மாசம் வேற ஆள வச்சுக்கிறேன்."

ஜூன் 16
எல்லாப் படகும் போய்விட்டது. இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "என் மானத்த வாங்கிட்டியே."

சாகிறதற்கு மானக்கேடு தேவலை. என்னிடம் பேச்சு இல்லை. கோட்டுக்காரனோடு மட்டும்தான் குடித்தனம்.

ஜூன் 19
விடிஞ்சதும் — கை மரத்துப்போச்சுன்னாரு. சட்டையெல்லாம் வேர்வை. இர்பான்தான் 108க்கு அடிச்சாரு. பாலத்துல போறப்ப என் கையப் பிடிச்சவரு விடவேயில்ல. ராமநாதபுரத்துல ஊசி போட்டு, அங்கன இருந்து மதுரை. வச்ச ஸ்டென்டுலயே அடைப்பு. இவ்வளவுதான் எழுத முடியுது.

ஜூன் 22
கண் விழித்துப் பேசினார்.

"திட்டு பிரெசி. ஏன் சும்மா இருக்க?"

போர்வையை இழுத்துவிட்டேன். அவரே சொன்னார். "ஆயுசுக்கும் மாத்திரைன்னாங்க. அப்ப ஆயுசுக்கும் நான் சீக்காளிதான? எண்ணெய மாத்துனா போதும், நீ நல்ல ஆளுதான்னு ஒருத்தன் சொன்னான். நம்பணும் போல இருந்துச்சு."

வராந்தாவுக்கு வந்து அவருடைய போனைப் பார்த்தேன். கோட்டுக்காரன் புது வீடியோ போட்டிருக்கிறான்: குணமாகவில்லை என்றால் நீங்கள் முழுசாக நம்பவில்லை என்று அர்த்தமாம். நாயே. வந்து பாருடா இந்த வார்டை. நம்பிக்கையை எந்தக் கரண்டியால் அளந்து குடிப்பதென்று இங்கே வந்து சொல்.

ஜூலை 14
வீட்டுக்கு வந்துவிட்டோம். இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறதாம். இனி கடலுக்குப் போகக் கூடாது என்று மதுரையில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். யாக்கோபு அண்ணன் வந்து, வலை கட்டுகிற வேலை இருக்கிறது, முடிகிறபோது வா என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சரி என்றார். அவ்வளவுதான்.

இன்று விடிகாலையில் படகுகள் கிளம்பும் சத்தம் கேட்டது. வரிசையாக, ஒவ்வொரு இன்ஜினாக. இவர் கண்ணை மூடிக்கொண்டே, "இது யாக்கோபண்ணன் படகு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தமெல்லாம் ஓயும்வரை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.