உன் வண்டிக் கூரைக்கு அடித்த வெள்ளை

அன்புத் தம்பி,

பின்வீட்டுக் கோழிப்பண்ணையில் காலையிலேயே சுண்ணாம்புக் கல்லை ட்ரம்மில் ஊறப்போட்டிருக்கிறார்கள். அது குமுறிக் கொதிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்கிறது. தொண்டையைக் கமறவைக்கும் அந்தச் சூடான வாசனை வந்ததும் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். சித்திரை பிறப்பதற்குள் கொட்டகைக் கூரைகள் அத்தனைக்கும் வெள்ளை அடித்துவிடுவார்கள். வெயிலில் கோழி செத்துவிடக் கூடாது அல்லவா?

நீ வெயிலில்தான் செத்தாய்.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தவரை கடிதத்துக்குத் தேவை வரவில்லை. எந்த மாநிலத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் உன் குரல் என் வகுப்புக்குள் வந்துவிடும்.

அது தற்செயலாகத் தொடங்கியது. அந்தப் பீரியடில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு உலகச் சேதி கொண்டுவர வேண்டும். பூமி எந்த இடத்தில் எப்படி இருக்கிறது, அதற்கு நம்மால் ஆகக்கூடியது என்ன என்று கூடவே ஒரு யோசனையும் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் ஒரே பத்திரிகையைக் கத்தரித்து வந்தார்கள். துருவத்தில் பனி உருகுகிறது, மரம் நட வேண்டும் என்று ஒப்பித்துவிட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருப்பார்கள். ஒரு நாள் நடுவில் நீ கூப்பிட்டாய். வடக்கே வயலில் நெல்தாளைக் கொளுத்திய புகையில், பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். அது முன்பெஞ்சுக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு ஒரு பிள்ளை கத்தரித்து வந்திருந்ததும் அதே புகையைப் பற்றிய சேதிதான். "டீச்சர், ஸ்பீக்கர்ல போடுங்க டீச்சர்!" என்று வகுப்பே எழுந்து நின்றது.

"மாமா, பனிமலையெல்லாம் உருகுதாமா, நீங்க பாத்தீங்களா?"

"வெங்காயம் ஏத்திக்கிட்டு நான் அந்தப் பக்கம் போவலயே சாமி! உருகி இந்தப் பக்கம் வந்துச்சுன்னா போன் பண்றேன்."

அன்றிலிருந்து நீ அவர்களுக்கு லாரி மாமா. ஆற்று மணலில் தர்ப்பூசணி போட்டிருக்கிறார்கள், தண்ணீரைத்தான் காணோம் என்பாய். இன்னோர் ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து ஜனங்கள் மாட்டோடு கரைமேல் குடியிருக்கிறார்கள் என்பாய். பிள்ளைகள் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து, பத்திரிகையில் வந்ததோடு ஒட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் சொன்ன யோசனைகளை நீயும் விட்டுவைக்கவில்லை. காகிதக் கப்புக்குள்ளும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரை வண்டியிலேயே வைத்துக்கொண்டாய். "டம்ளர நீட்டுனா டீக்கடக்காரன் என்னையச் சாமியாருன்னு நெனைச்சுக் காசு வேண்டாங்கறான் சாமி" என்று நீ சொன்ன அன்று, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அப்புறம் ஒரு கத்திரி வெயிலில் நீ ஸ்டீயரிங் மேலேயே மயங்கிச் சாய்ந்தாய். நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. லீவு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை அதைக்கூட நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சில் தாரணி எழுந்தாள். அவள் அப்பா கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர். வெளிநாட்டில் ஒரு நகரத்தில் மொட்டை மாடிகளுக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறார்கள் என்ற சேதியைக் கையில் வைத்திருந்தாள்.

"இத நம்மூர்லயே பண்றாங்களே டீச்சர். கோழிக்கே கூரைக்கு வெள்ளையடிக்கிறாங்க. மாமாவுக்கு அடிச்சா என்னங்க டீச்சர்?"

"அப்ப நான் முட்டையும் போடோணுமா சாமி?" என்றது போன்.

எனக்குத்தான் எதையும் செய்து காட்டாமல் இருக்க முடியாதே. பால்பவுடர் டின் மூடிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் கரியும் மற்றதில் சாக்பீஸ் தூளும் பூசி, மேலே மூடிக்கொரு மெழுகுத் துண்டு வைத்து மைதானத்தில் போட்டேன். கரி மூடியில் மெழுகு வழிந்தோடியது. வெள்ளை மூடியில் இருந்தது சற்றே இளகியதோடு சரி. பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உன் ஓனர்தான் முதலில் மறுத்தார். நம் வண்டி எல்லாமே சிவப்பு, அதுதான் நம் அடையாளம் என்றாராம். "கேபினுக்கு மேல மட்டுந்தானுங்க, அத யாரு பாக்கப் போறா" என்று நீ கெஞ்சியிருக்கிறாய். "ஆமா, காக்காய்க்குத்தான் தெரியும். அடிச்சுக்க போ" என்று விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் ரோட்டுப் பட்டறையில் வண்டி நின்றது. தாரணியின் அப்பா ஏணியைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் முறை வைத்து ஏறி அடித்தார்கள். அடித்தது எதை? பண்ணையில் மீந்த சுண்ணாம்பை. என்னையும் சேர்த்து ஒருவருக்கும் உறைக்கவில்லை. கூரைக்கு வெள்ளை என்றால் இந்த ஊரில் எங்களுக்குச் சுண்ணாம்புதான்.

முதல் மழையிலேயே உன் போன் வந்தது. "ஏனுங்க்கா, உங்க பிள்ளைங்க எனக்குப் பாலாபிஷேகம் பண்ணிப்போட்டாங்க! கண்ணாடி பூரா வெள்ள. வைப்பர் போட்டா இன்னும் வெள்ள. ஓரங்கட்டித் தொடச்சிட்டிருக்கேன்." வகுப்பே உருண்டு சிரிக்க, தாரணி மட்டும் டெஸ்க்கில் முகத்தைப் புதைத்து அழுதாள். அது உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அழுவாத சாமி. கோழிக்கொட்டாய் நின்ன இடத்துல நிக்கறது. உங்க மாமன் ஓடறவனாச்சே. அதுக்குத் தக்கன அடிப்போம்."

அடுத்த நடை நீ ஊருக்கு வந்தபோது எனாமல் பெயின்ட் அடித்தோம். அது மழையில் கரையாமல் நின்றது. மறு வருஷம் மாசி மாதத்து வெயிலில் ஒரு மத்தியானம் நீ பேசினாய். "முன்னெல்லாம் இந்நேரத்துக்கு உள்கூரையில கை வெக்க முடியாதுங்க்கா. இப்ப வெச்சுக்கிட்டேதான் பேசறேன்." யாரும் சொல்லித்தரவில்லை. வகுப்பு முழுவதும் உள்ளங்கையை மேலே தூக்கிப் பிடித்தது, தாங்களும் அந்தக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல. என் சர்வீஸில் அதைவிட நல்ல பாடம் எதையும் நான் பார்த்ததில்லை. போனில் உனக்கு அது தெரிந்திருக்காது. இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்த மே மாதம் உன் வண்டி கியர்பாக்ஸ் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. ஒரே ஒரு ட்ரிப், இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு போ என்றார் ஓனர். கிளம்பும்போது நீ கூப்பிட்டாய். அதன் கூரை என்ன நிறம் என்று கேட்டேன்.

"காக்காயத்தானுங்க்கா கேக்கோணும். வாரேன்."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

போன இடத்தில் லோடு இறக்கக் கம்பெனி வாசலில் வரிசை நின்றிருக்கிறது. நிழலுக்கு ஒரு மரமில்லை. இரவெல்லாம் ஓட்டிய நீ, கேபினுக்குள்ளேயே படுத்திருக்கிறாய். வரிசை நகர்ந்தும் உன் வண்டி நகரவில்லை. பின்வண்டி ஓட்டி வந்த ராசிபுரத்துக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உன் போனில் முதலில் இருந்த நம்பருக்கு அவர்தான் கூப்பிட்டார். "அக்கா, நான் பின்னாடி வண்டிங்க" என்று ஆரம்பித்தார். வெயில் தாக்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பீரியடில் இனி கணக்கு நடத்திவிடலாம் என்று நினைத்துத்தான், எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த அதே பிள்ளைகளிடம் போனேன். எல்லோர் கையிலும் சேதித் துண்டு இருந்தது. தாரணி எழுந்து, லீவு முழுக்கச் சுமந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"நாம அடிச்ச வெள்ள பத்தலைங்களா டீச்சர்?"

"மாமா வேற வண்டியில போனாங்க சாமி."

அவள் உட்காரவில்லை. "அப்ப நம்ம வண்டியில போயிருந்தா?"

எந்தக் கேள்விக்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு, தெரியாது சாமி என்றேன். ஒரு கூரை மட்டும் ஆளைக் கொல்வதில்லை, தூக்கமில்லாமை இருக்கிறது, காத்துக்கிடந்த நேரம் இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிற வெயில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆனா மாமாவால கை வெக்க முடிஞ்சுதுங்களே டீச்சர்" என்றாள்.

அன்றைய யோசனையாக அவர்கள் சொன்னது ஒன்றுதான்: ஓனரிடம் போய், எல்லா வண்டிக்கும் அடிக்கச் சொல்லிக் கேட்பது. கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அவர்கள் பேசி முடிக்கக்கூட விடவில்லை. "அடிச்சரலாங்க சாமி, அத்தனைக்கும் அடிச்சரலாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "காக்காய்க்குத்தான் தெரியும்னு சொன்னனே டீச்சர்" என்று சொல்லும்போதே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

இப்போது நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது மேம்பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்க்கிறேன். தரையில் நிற்பவர்களுக்கு லாரியின் கூரை தெரியாது. மேலேயிருந்து தெரிகிறது. சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் போகிற வரிசையில் எப்போதாவது ஒரு வெள்ளை வருகிறது. உள்ளே யாருடைய தம்பியோ கொஞ்சம் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறான். அவனுக்காகச் சந்தோஷப்படுகிறேன், நிஜமாகவே. மறுநிமிஷம் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளை பலிக்காமல் போயிருந்தால், உன் விதி என்று சொல்லி என்றோ ஆறியிருப்பேன். அது பலித்தது தம்பி. உள்ளங்கை தாங்கும் அளவுக்குப் பலித்தது. அதைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

உன் அக்கா