காற்று இறங்கினாலும் ஓடும் டயரும் என் மனைவியின் முதுகும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
14, அச்சக வீதி, தரைத்தளம்.

பெறுநர்:
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் மினிவேனின் ரன்-ஃபிளாட் டயர்களைக் கழற்றி, சாதாரண டயர்களும் பின்கதவில் ஸ்டெப்னியும் மாட்ட அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவன். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் மனைவியை வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லவே இந்த வண்டியை வாங்கினோம். இதன் ரன்-ஃபிளாட் டயர் காற்று இறங்கினாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும், ஸ்டெப்னியே தேவையில்லை என்றார் விற்பனையாளர். ஸ்டெப்னிக்கான குழியில் மடித்த சக்கர நாற்காலி கச்சிதமாக அடங்கியது. நானும் தலையாட்டிவிட்டேன்.

2. அந்த டயர் கட்டைபோல் விறைப்பானது. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேரே இருக்கைக்கு வந்துவிடுகிறது. வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் மனைவி இல்லை என்றே சொல்லிவந்தார். ஒருநாள் வண்டியைத் துடைக்கையில் கதவிடுக்கில் அவர் கைக்குட்டை கிடைத்தது. நான்கு மூலையிலும் பல் தடம். நான் கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும் சிரித்திருக்கிறார்.

3. காற்று குறைந்தால் எரியவேண்டிய விளக்கு, குளிர்ந்த காலைகளில் சும்மாவே எரியும். அதன்மேல் பேத்தி மஞ்சள் வாத்துப் படம் ஒட்டினாள். நான் ரசித்தேனே தவிர உரிக்கவில்லை. சென்ற மாதம் ஆணி ஏறியும் டயர் படுக்காததால், சத்தத்திலேயே பஞ்சரைச் சொல்லிவிடும் எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அப்படியே ஓட்டி, டயர் கிழிந்து நடுவழியில் நின்றோம். மூன்று கடைகளிலும் இதை ஒட்ட முடியாது, புதிது வர ஒன்பது நாளாகும் என்று கைவிரித்தார்கள். நான்கு பயிற்சிகள் தவறின. ஆறு அடி நடந்தவர் இரண்டு அடிக்குத் திரும்பிவிட்டார்.

4. டயர் மாற்ற, வண்டி நிறுவனம் தங்கள் அனுமதியைக் கேட்கிறது. தங்கள் மூன்றாம் சன்னலோ நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்கிறது. நடுவில் நான் பந்தாடப்படுகிறேன். ஐயமிருந்தால் தாங்களே பின்னிருக்கையில் ஒரு சுற்று வந்து பார்க்கலாம், மெதுவாகவே ஓட்டுவேன்.

5. இம்மனுவை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கைக்குட்டை விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார்; மறுத்துவிட்டேன். ஓட்டுநர் மீது தவறில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அது உண்மையல்ல. ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்பதே அரிது என்பதால் சேர்க்கிறேன்: ஓட்டுநர் மீது தவறில்லை.

அடுத்த திங்கட்கிழமைப் பயிற்சிக்கு முன் தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து,

நாள்: மார்ச் 9
இடம்: மேற்படி முகவரி

(ஒப்பம்) ஓட்டுநர்
(ஒப்பம்) மனைவி, பயணி