என் கட்டிலில் ஷங்கர் படுத்த வியாழக்கிழமை

பொம்மனஹள்ளி,
பெங்களூர்,
14.9.2003

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு அம்மா சுகம், தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, ஓசூர் ரோட்டில் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கிறது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க மாரியம்மன் துணை. என் சுகம் எப்படியென்று எனக்கு முன்னால் உனக்கே தெரியும் என்பதால் அதை எழுதவில்லை.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மெடிக்கல் காலேஜில் வார்டு அட்டெண்டர் வேலையோடு நான் செய்கிற இன்னொரு வேலை உனக்குத் தெரியும். இனிப் பிழைக்க வழியில்லாத நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சேஷகிரி டாக்டர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார், அதில் நான்கு வருஷமாக நான்தான் நோயாளி. நோயாளி மாதிரி கட்டிலில் படுத்துக்கொள்வேன், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எனக்குக் கேன்சர் என்று பக்குவமாகச் சொல்லிப் பழகவேண்டும். நின்றுகொண்டே சொல்கிறவனை உட்காரச் சொல்வேன், கடிகாரத்தைப் பார்க்கிறவளிடம் பேச்சை நிறுத்திவிடுவேன். டாக்டர் அடித்துச் சொல்வது ஒன்றுதான், உடம்பு நோயாளியுடையது, அவன் கேட்டால் முதலில் அவனுக்குத்தான் சொல்லவேண்டும், வீட்டாரோடு ரகசியம் பேசக்கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அந்த நோய் நிஜமாகவே வந்தவரை அந்தக் கட்டிலில் படுக்கவைக்கமாட்டார். பெண் நோயாளியாகப் படுத்துவந்த ஆயா லட்சுமம்மாவுக்குப் போன வருஷம் மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அவளை நிறுத்திவிட்டார். ஜூனுக்குப் பிறகு இந்த வாரம்தான் பாடம் மறுபடி தொடங்கியது. நான் போனபோது கட்டிலில் லிஃப்ட் ஆபரேட்டர் ஷங்கர் படுத்திருந்தான். உங்களுக்கு அல்சர் இருக்கே, ரெஸ்ட் எடுங்க எத்திராஜ் என்று டாக்டர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் பேசிய எத்தனை பிள்ளைகளை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். அப்போதே புரிந்துவிட்டது.

பாடம் முடியும்வரை வெளியே பெஞ்சில் இருந்துவிட்டு அவர் ரூமுக்குப் போய், எனக்குத் தெரியணும் சார், சொல்லுங்க என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, உங்க பொண்ணு போன்ல அழுது சத்தியம் வாங்கிட்டா எத்திராஜ், அப்பா தாங்கமாட்டார்னு சொன்னா என்றார். இரைப்பையில் வந்து ஈரலுக்கும் போய்விட்டதாம், ஆபரேஷனால் பலனில்லையாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறாராம். வீட்டார் கெஞ்சினால் டாக்டர் என்ன பதில் சொல்லவேண்டும் என்று தனியாக ஒரு பாடமே இருக்கிறது ரூபினி, அதிலும் நான்தான் நோயாளி. ஜூலையில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது, என் மகள் நர்ஸ் சார், எதுவானாலும் அவகிட்ட பேசுங்க என்று உன் நம்பரை அவரிடம் பெருமையாக எழுதிக் கொடுத்தவனும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். உன் அம்மாவும் இரண்டு மாதமாகக் காரமில்லாமல் சமைத்துப் போட்டு, அல்சருக்கு இதுதான் நல்லது என்று சாதித்திருக்கிறாள். கேட்டதும், பாப்பாதான் சொல்லக்கூடாதுன்னா என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை நான் திட்டவில்லை.

உன்மேல்தான் கோபம். மறைத்ததைக்கூடப் பாசத்தில் செய்தாய் என்று விட்டுவிடுவேன். ஆகஸ்டில் போன் பண்ணி, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் போடச் சொல்றாங்கப்பா, போடட்டுமா என்று கேட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இரண்டு வருஷம் இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டாய். நானும் மடையன் மாதிரி, போடும்மா, அப்பா எங்கே போயிடப்போறேன் என்றேன். சரிப்பா என்று போனை வைத்துவிட்டாய். எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் கேட்டாயாம், அம்மா சொல்கிறாள். சந்தேகம் வந்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும். உன்னைக் கண்ணில் பார்க்கவேண்டும் என்று அன்றே சொல்லியிருப்பேன். என் வாயாலேயே உன்னை அங்கே நிறுத்தவைத்தாய்.

அதனால் இப்போது சொல்கிறேன், வா. தீபாவளிவரை நடமாடுவேன், பொங்கலைப் பற்றி உறுதியாகச் சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். அடுத்த வருஷ லீவு எனக்கு உதவாது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு, டூட்டியில் ஊசி மருந்தை இரண்டுமுறை பார்த்துப் போடு. கோபம் இருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்குக் குறையாது, நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை, ஏர்போர்ட்டிலிருந்தே சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு வராதே. அழுவதென்றால் என் எதிரில் உட்கார்ந்து அழு. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, நீ வந்தால் வரும்.

இப்படிக்கு
உன் அப்பா,
எத்திராஜ்