லிஃப்டுக்குள் பேசிய என் குரல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சூப்பராக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்காமலே நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அந்த அளவுக்கு வாய் கூடியிருக்கிறது. சித்தப்பா வீடு மாற்றிவிட்டார், புது வீட்டில் தண்ணீர் வருவதைத் தவிர எல்லாம் வசதி என்கிறார்.

போன வாரம் போனில், ஏன்ப்பா ஒரு மாதிரி பேசற என்று கேட்டாய். தொண்டை சரியில்லை என்றேன், பொய். கொஞ்ச நாளாகப் போனில் என் குரலை நானே கேட்பது பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் போன் அறையில் பதினொரு பேர் இருந்தோம் அல்லவா, இப்போது மூன்று பேர். மற்ற வேலையெல்லாம் ஏஐ ஏஜென்ட்டுகள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்தினால் ஒன்று பேசும், இன்னொன்று மெக்கானிக்கை அனுப்பும், மூன்றாவது உதிரி பாகம் வரவழைக்கும். பேசுகிற ஏஜென்ட்டுக்கு என் குரல். இருபத்திரண்டு வருஷம் நான் பேசிய பழைய பதிவுகளைக் கொடுத்து, போதாததற்கு நான்கு நாள் என்னையும் ஒரு அறையில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அம்மாவிடம் சொல்லி அலட்டிக்கொண்டேன். இப்போது என் வேலை, அவை அனுப்புகிற கோரிக்கைகளுக்கு ஒப்புதல் பட்டனை அழுத்துவது. ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வரும். படித்து அழுத்தினால் பாதிகூட முடியாது.

இரண்டு மாதம் முன்பு ஒரு மத்தியானம், ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா அவர்கள் குடியிருப்பு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அருகிலிருந்த மெக்கானிக் வேறு இடத்தில் சிக்கியிருந்தார். ஆள் அனுப்புவதை இருபது நிமிஷம் தள்ளிப்போடலாமா என்று ஏஜென்ட் கேட்டது, அழுத்தினேன். மறுபடி கேட்டது, அழுத்தினேன். இப்படி எட்டுத் தடவை. என்னவென்றே பார்க்கவில்லை குட்டிம்மா, நாற்பது கோரிக்கைகளோடு சேர்ந்து வந்தது, சேர்த்தே தள்ளிவிட்டேன். அந்தம்மா இரண்டே முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார். தீயணைப்பு வண்டியை ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு விசாரித்தார்கள். உள்ளே இருப்பவர் அமைதியாக இருக்கிறார், அவசரமில்லை என்று ஏஜென்ட் குறித்திருந்தது. அமைதியாக வைத்திருந்தது என் குரல். பதிவைக் கேட்டேன். "பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன், எங்கேயும் போகமாட்டேன்." இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு. அந்த நேரத்தில் நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டார், தன்னோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். மேனேஜர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லைம்மா என்றேன். அதிலிருந்து வீட்டில் வாயைத் திறந்தாலே அந்த ஏஜென்ட் பேசுகிற மாதிரி இருக்கிறது. அம்மா தண்ணீர் கேட்டபோது இதோ வரேன் என்று சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று ஒரு நொடி நின்றேன். தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "அப்பவே தெரியும் சார். அவ்வளவு நேரத்துல ஒருத்தர் ஒரு தடவைகூட இருமலையே. இருந்தாலும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்க்கணும்னு தோணிச்சு" என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "அப்போ நீங்க எங்க இருந்தீங்க?" எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம், என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அது கம்பெனியுடையது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். சரி, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் யார் மாட்டினாலும் அந்த லைன் எனக்கு வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். டீச்சரம்மா விஷயம் மேலிடம் வரை போயிருந்ததால் ஒத்துக்கொண்டார். நேற்றுக் காலை முதல் அழைப்பு வந்தது, அடுத்த தெருத் துணிக்கடையில் ஒருவர் மாட்டியிருந்தார். பயப்படாதீங்க சார், நான் லைன்ல இருக்கேன் என்றேன். "இதையேதான இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்க? மனுஷன் யாராவது இருந்தா குடுப்பா" என்றார். நான் மனுஷன்தான் சார் என்றேன். அதையும் அது சொல்லும் என்று நினைத்திருப்பார் போல, அழ ஆரம்பித்துவிட்டார். எதைச் சொன்னால் நம்புவார் என்று யோசித்தேன், என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. பக்கத்து சீட்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெயிலில் ஓடினேன். இந்த வயதில் ஓடக்கூடாது என்று திட்டாதே. மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி, எதுவும் பேசாமல் அந்த லிஃப்ட் கதவை மூன்று முறை தட்டினேன். உள்ளே அழுகை நின்றது. பிறகு அவரும் மூன்று முறை தட்டினார். மெக்கானிக் வரும்வரை இருவரும் தட்டிக்கொண்டே இருந்தோம்.

உன் ஆபீஸில் உருவாக்குவதும் இந்த மாதிரி ஏஜென்ட்டுகள்தான் என்று தெரியும், உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. ஒன்று மட்டும் உன் ஆபீஸில் கேட்டுப் பார், ஒப்புதல் அழுத்த எங்கோ ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவருக்குப் படிக்க நேரம் இருக்கிறதா என்று. நேரத்துக்குச் சாப்பிடு, உன் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். போன் போதும் என்று இருந்துவிடாதே, இந்த வருஷம் ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போ.

உன் அப்பா